திரைக்கு உள்ளே ஒரு ரவுட்டர்

எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய முதல் ரவுட்டரைத் தெரிவு செய்தது நான். சரியான ரவுட்டரைத் தெரிவு செய்தது என் மனைவி. இரண்டுக்கும் இடையில் ஏழெட்டு மாதங்களும் என் கௌரவத்தில் பெரும்பகுதியும் போய்விட்டன. மாதங்களைப் பற்றிக் கவலையில்லை.

நான் புத்தளத்துக்குக் கிட்ட மாம்புரிப் பக்கம் தோட்டம் செய்கிறவன். வெங்காயம், மிளகாய், மழைக்குப் பிறகு பீட்ரூட். மணல் தரையில் தண்ணீர் நிற்காது என்பதால் எங்களுக்கெல்லாம் உயிர் தண்ணீர் மோட்டாரில்தான் இருக்கிறது. மோட்டார் வாங்குவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அக்கம்பக்கத்தில் யார் மோட்டார் வாங்கப் போனாலும் என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் கடையில் பெரிய மனுசனைப் போல நின்று, குதிரைவலு எத்தனை என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பெரிய மோட்டார் என்றால் நிறையத் தண்ணீர். அதற்கு மேல் ஆராய்ச்சி எனக்குத் தேவைப்பட்டதில்லை. ரவுட்டரையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி, தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். வரும்போது அவளுக்குப் பதினான்கு வயது. குர்ஆன் முழுதும் ஓதி முடித்திருந்தாள், நல்ல சுத்தமான ஓதல். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டின் பின்னறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கத் தொடங்கினாள். பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் பாயில் ஆடி ஆடி ஓதுகிற சத்தம் தோட்டத்துக் கடைசி வேலி வரை கேட்கும். பல வருடங்கள் அப்படி. பிறகு ஊருக்குப் புதிய மத்ரஸா வந்தது. கட்டடம், சீருடை, ஏற்றி இறக்க வேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். ஒருநாள் கடைசிப் பிள்ளையும் வரவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. பாய்களைத் தட்டிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தாள். எனக்குத்தான் அந்தப் பின்னேரங்களின் அமைதி எரிச்சலாக இருந்தது. அவளைப் பார்க்கக் கவலையாகவும் இருந்தது. ஓதிக் கொடுக்காத பின்னேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, என் மனைவி இருந்த அதே புத்தளத்து அகதி முகாமில் சின்னப் பிள்ளையாக வளர்ந்தவள். இப்போது நான்கு பிள்ளைகளின் தாய். அங்கே ஓதிக் கொடுக்க ஆள் கிடைத்தாலும் திருப்தியில்லை என்றாள். மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது, குர்ஆனின் முப்பது பாகங்களில், அதாவது முப்பது ஜுஸ்உவில், பதினெட்டு ஓதியாகிவிட்டது. மிச்சத்தை ஃபோன் வழியாக நீங்கள் ஓதிக் கொடுங்கள் ராத்தா, அப்படியே சின்னதுகளையும் தொடக்கிவிடுங்கள் என்றாள். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. முழுதும் ஓதி முடிக்கிற நாளைத் தமாம் என்போம். அதைப் பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வைபவமாக வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

என் மனைவி அன்று பாய்களை இறக்கி வெயிலில் போட்டாள். மெல்பேர்ன் பிள்ளைகள் எங்கள் பாயில் உட்காரப் போவதில்லை என்று நான் பகிடி பண்ணினேன். அவள் சிரித்தாளே தவிரப் பாய்களை எடுக்கவில்லை.

தென்னைகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட எங்கள் பின்னறையில் ஃபோன் சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் வராது. ஆகவே வீட்டுக்கு இன்டர்நெட் லைன் எடுத்தோம். லைன் பூட்ட ஒரு தம்பி வந்தார். சிலாபப் பக்கம், தமிழும் சிங்களமும் கலந்து கதைக்கிற மரியாதையான பொடியன். நான் அவரை முன்பக்க ஹோலில் கதிரை போட்டு இருத்தினேன். பிளேன்டீ வந்தது. லைனோடு வந்த ரவுட்டர் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார். இங்கேதான் என்று கண்ணாடி அலுமாரிக்கு மேலே காட்டினேன். அங்கே பூ வேலை செய்த துணி ஒன்று விரித்து, அதன் மேல் பெட்டி உட்கார்ந்தது. வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பின்னறையில் பாடம் தொடங்கியது. அவர்களுக்குப் பின்னேரம் நான்கு மணி, எங்களுக்குப் பகல் பதினொன்றரை. முதல் நாளே குரல் அறுந்தது. ஒரு வரி வரும், அரை வரி வராது, பிறகு இரண்டு வரி சேர்ந்து வந்து விழும். ஓதலில் ஒரு இழுப்புக் குறைந்தாலும் கூடினாலும் பிழை. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை. என் மனைவி திரும்ப ஓதுங்க மகள் என்பாள். பிள்ளை திரும்ப ஓதும். அதுவும் அறும். டீச்சர் கேக்குதா என்று அந்தப் பிள்ளை கேட்பதும் ஓம் மகள் என்று இவள் சொல்வதுமாகப் பாடத்தில் பாதி போகும்.

ஹோலில் வந்து ஓதிக் கொடு என்று நான் சொன்னேன். இரண்டு நாள் வந்து இருந்து பார்த்தாள். முதல் நாள் வெங்காய யாவாரி வந்தார், இரண்டாம் நாள் யாவாரியும் அவருடைய லொறிக்காரரும் வந்தார்கள். அவள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பெட்டியில்தான் வலு காணாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் புத்தளம் டவுனுக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், இருந்தாலும் மரியாதைக்கு என்னை நானா, அதாவது அண்ணன், என்பார். இருப்பதில் எது பெரியது என்று கேட்டேன். அவர் ஆறு அன்ரனா உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பு நிறம், மல்லாக்கப் போட்ட நண்டைப் போல இருந்தது. இதைப் பூட்டினால் பள்ளிவாசல் வரைக்கும் போகும் நானா என்றார். எனக்குப் பள்ளிவாசல் வரைக்கும் தேவையில்லை, பின்னறை வரைக்கும் போனால் போதும். ஆனால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஆறு அன்ரனா என்னை மயக்கிவிட்டது.

அதையும் கண்ணாடி அலுமாரிக்கு மேல்தான் வைத்தோம். ஹோலில் கிரிக்கெட் மெச் கண்ணாடி மாதிரித் துலக்கமாகத் தெரிந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பள்ளிவாசல் பக்கம் உண்மையாகவே போயிற்று. எங்கள் கேட்டுக்கு முன்னால் நிற்கிற ஓட்டோக்காரர்களுக்கு நான் முன்பே பெருமையாகப் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். அவர்கள் என் புண்ணியத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் மட்டும் அந்தப் பிள்ளை டீச்சர் கேக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பப் போய், சிக்னலை இழுத்து நீட்டிக் கொடுக்கிற சின்னக் கருவி ஒன்றும் வாங்கி வந்தேன். அதை எங்கே பூட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே பூட்டினேன். ப்ளக் அங்கேதானே இருந்தது.

ஒருநாள் பாடம் முடிந்ததும் மெல்பேர்ன் தாய் ஃபோனை வாங்கி என் மனைவியோடு கதைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றதால் எல்லாம் கேட்டது. பிள்ளை ஜுஸ்உவுக்குப் பின் ஜுஸ்உவாகக் கடந்து வந்துவிட்டது, ஆனால் பாதியும் காதில் விழாமல் என்ன பாடம் என்று தகப்பன் கேட்கிறார் என்றாள். வைபவத்துக்கு ஹோலும் புக் பண்ணியாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் லைன் சரிவரவில்லையென்றால் நான்கு பிள்ளைகளையும் அங்கேயே ஒரு வகுப்பில் சேர்க்கப் போகிறோம், கோபிக்காதீங்க ராத்தா என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என் மனைவி ஓம் என்று மட்டும் சொன்னாள். பிறகு போய் அடுப்படியில் ஒரு கறிச்சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே தேய்த்த சட்டி.

இந்த நான்கு பேரும் போனால் அந்தப் பாய்கள் இனி எப்போதும் அலுமாரிக்கு மேலேதான். கவலை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். நாளைக்கே போய் எட்டு அன்ரனா உள்ளதை வாங்கி வருகிறேன் என்று சத்தம் போட்டேன்.

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இனி ஒண்டும் வாங்க வேணாம். எனக்கு ஒரு நாள் தாங்க."

மறுநாள் நான் தோட்டத்திலிருந்து பகல் தொழுகையான ளுஹருக்குக் கொஞ்சம் முன்னால் வந்தேன். ஹோலுக்கும் உள் நடைக்கும் நடுவில் தொங்கும் திரைச்சீலை விலகியிருந்ததால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டது. பெருநாளைக்கு வெள்ளையடித்த என் சுவரில் பென்சிலால் புள்ளி. அதற்கு அங்கால் இன்னொரு புள்ளி. நடையில் ஒரு கீறல். அவள் ஒரு கையில் ஃபோனும் மறு கையில் பென்சிலுமாக அடி அடியாக நடந்து கொண்டிருந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நான் கத்தத் தொடங்கினேன். அவள் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள். ஓத வருகிற பிள்ளைகள் பாடத்தில் கதைத்தால் தூக்குகிற அதே விரல். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அப்போதுதான் ஃபோனிலிருந்து வந்த குரலைக் கவனித்தேன். மெல்பேர்ன் பிள்ளை, தனக்கு நன்றாகப் பாடமான ஒரு சின்ன அத்தியாயத்தை, ஒரு சூராவை, ஓதிக்கொண்டிருந்தது. முடிந்ததும் திரும்ப அதையே ஓதியது. அதையே ஓதச் சொன்னவள் இவள்தான். பிழையில்லாமல் ஓதத் தெரிந்த இடத்தைத்தான் ஓதச் சொல்லியிருந்தாள். அதில் எங்கேயாவது குரல் அறுந்தால் அது பிள்ளையின் குற்றமல்ல, வீட்டின் குற்றம். ஓரடி எடுத்து வைப்பாள், நிற்பாள், கண்ணை மூடிக் கேட்பாள். குரல் லேசாகத் தடுமாறினால் சுவரில் ஒரு புள்ளி. முழுதாக அறுந்தால் ஒரு கீறல். பிள்ளைகளின் ஏட்டில் அவள் இடுகிற அடையாளம் அதுதான். சின்னப் பிழைக்குப் புள்ளி, திரும்ப ஓத வேண்டிய இடத்துக்குக் கீறல். இத்தனை வருடம் பிள்ளைகளின் ஓதலைத் திருத்திய மாதிரியே அவள் எங்கள் வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

பாடம் முடிந்த பிறகு நான் தனியாக ஒருமுறை நடந்து பார்த்தேன். ஹோலில் ஒரு அடையாளமும் இல்லை. திரைச்சீலை தாண்டி நடையில் புள்ளிகள். எங்கள் கல்யாணத்துக்குச் சீதனமாக வந்த இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் கீறலுக்கு மேல் கீறல். அதற்குப் பின்னால் ஒரு சுவர். உண்மையில் அது ஒரு சுவரல்ல, இரண்டு. நாங்கள் வீட்டை ஒரே மூச்சில் கட்டவில்லை. வெங்காயம் கைகொடுத்த வருடமெல்லாம் ஒரு அறை கட்டினோம். பழைய அறையின் வெளிச்சுவரை இடிக்க மனம் வராமல் அதை ஒட்டியே புதுச் சுவரை எழுப்பினோம். அதை நானே மறந்துவிட்டேன். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் காதாலேயே அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். பின்னறை முழுக்கக் கீறல்.

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. சோறு போட்டுக்கொண்டே அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"இந்தப் பெட்டிய என்னத்துக்கு ஹோல்ல வச்சிருக்கம்?"

லைன் பூட்ட வந்த தம்பி அங்கேதான் வைத்தார் என்றேன்.

"அவர் என்னத்துக்கு அங்க வச்சார்?"

நான் அங்கே இருத்தியதால் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எங்கள் வீடுகளில் வெளி ஆம்பிளை வந்தால் திரைச்சீலையோடு நிற்பார். யாரும் அவரை நிறுத்துவதில்லை, அவரும் உள்ளே வரப் பார்ப்பதில்லை, பழக்கம் அப்படி. அந்தத் தம்பி நின்ற இடத்தில் லைனும் நின்றுவிட்டது. வீட்டில் லைன் தேவைப்பட்ட ஒரே ஆள் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளைத் தவிர யாவாரிக்கும் லொறிக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் வைஃபை கிடைத்தது. தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளரை நான் ஒருநாளும் வேலியோரத்தில் நட்டதில்லை. நட்டால் பாதித் தண்ணீர் ரோட்டுக்குத்தான் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாத்திக்கு நடுவில் நடுவேன். வீட்டுக்குள் வந்ததும் அந்தப் புத்தியைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

இந்த முறை கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவள் கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக் கொண்டு வந்திருந்தாள். கடைக்காரர் வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். முதல் இரண்டு கேள்வியை அவள் என்னிடம் சொல்ல, நான் அவரிடம் கேட்டேன். மூன்றாவது எனக்கே விளங்கவில்லை. அதனால் அவளே கேட்டாள். எது பெரியது, எது தூரம் போகும் என்று அவள் கேட்கவில்லை. சுவருக்குள்ளால் போவது எது என்று கேட்டாள்.

கடைக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரவுட்டரிலிருந்து இரண்டு வகை அலை வருகிறது, ஒன்று நல்ல வேகம், ஆனால் சுவரைக் கண்டால் களைத்துவிடும், மற்றது வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டிப் போகும் என்றார். குரல் மட்டும் அறுபடாமல் வருவதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று இவள் கேட்டாள். அதற்குப் பெரிய வேகம் தேவையில்லை என்றார். அப்படியென்றால் ஆறு அன்ரனா எதற்கு என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்குள் இருந்த சார்ஜர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லைனையே பின்னறைக்குக் கொண்டு போனால் எந்த அலையையும் நம்பி இருக்கத் தேவையில்லைத்தானே என்றாள். அதற்கு அவர் தலையாட்டினார். சரிவராவிட்டால் திருப்பித் தரலாமா என்பதும் தாளில் இருந்தது. அதையும் கேட்டுவிட்டுத்தான் தாளை மடித்தாள்.

அவள் தெரிவு செய்தது இரண்டு அன்ரனா உள்ள வெள்ளைப் பெட்டி. ஒரு சாப்பாட்டுப் பெட்டியை விடச் சின்னது. இதையா தூக்கிக்கொண்டு போகப் போகிறோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. கடைக்காரர் பில் எழுதும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார், வீடு எத்தனை அடி என்று எல்லோரும் கேட்கிறார்கள் நானா, சுவர் எப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. திரும்பி வரும் வழியில் பாலாவி தாண்டும் வரைக்கும் எனக்கு அந்தப் பெருமை இருந்தது. ஏதோ நான் கேட்ட கேள்வி மாதிரி.

அதே தம்பி திரும்ப வந்தார். லைன் இழையைக் கண்டபடி வளைக்கக் கூடாது, உள்ளே வந்து பார்த்துத்தான் இழுக்க வேண்டும் என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார். சொன்னவர் வந்ததும் பழக்கப்படி திரைச்சீலைக்கு முன்னால் நின்றுவிட்டார். கையில் ட்ரில் மெஷின்.

"இந்தப் பக்கம் எல்லா வீட்டிலயும் ஹோல்லதான் அங்கிள் வச்சிக் குடுத்திருக்கேன். உள்ளுக்கு வாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நானும் கேக்கிறதில்ல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டு சமையலறை வாசலில் நின்றாள். நான் திரைச்சீலையை ஒதுக்கிக் கம்பியில் செருகிவிட்டு, வாங்க தம்பி என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவர் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நடையில் இரண்டடி வைத்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். இதை யார் கீறியது என்று கேட்டார். நான்தான் என்று என் மனைவி சொல்லி, எந்தக் கீறலுக்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னாள். அவர் பையிலிருந்து எடுத்த அளவு நாடாவைத் திரும்பப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு எங்கே துளைப்பது என்பதை அவர் அவளிடம்தான் கேட்டாரே தவிர என்னிடம் கேட்கவில்லை. துளைத்தபோது இரண்டு சுவருக்கும் நடுவிலிருந்து ஒரு கை நிறையக் கடல் மணல் கொட்டியது. இரும்பு அலுமாரியை இடம் மாற்ற, என் வைஃபையில் படம் பார்த்துக் கொழுத்த ஓட்டோக்காரர் ஒருவரையும் பிடித்து வந்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு மெல்பேர்ன் தாயும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் தோட்டத்துக்குப் போகாமல் பின்னறைக் கதவோரம் ஒரு பாயில் இருந்தேன். பிள்ளை ஓதத் தொடங்கியது. குரல் அறைக்குள்ளேயே இருக்கிற மாதிரி வந்தது. மூச்செடுப்பது கூடக் கேட்டது. எனக்கு எழும்பிக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோசத்தைக் காணவில்லை.

நிறுத்தச் சொன்னாள். ஒரு பக்கம் பின்னால் போய் ஓதச் சொன்னாள். பிள்ளை ஓதியது. அங்கும் நிறுத்தினாள். இன்னும் பின்னால், போன மாதம் ஓதிய இடம். அதற்கும் முந்திய மாதம். பிள்ளை மளமளவென்று ஓதியது, இவளுடைய பென்சில் ஏட்டில் இறங்கிக்கொண்டே போனது. ஓதத் தெரியாத எனக்கே விளங்கிவிட்டது. லைன் அறுந்த மாதங்களில் பிள்ளை பிழையாகவே ஓதிப் பழகியிருந்தது. இவளுக்கு அது கேட்கவில்லை.

சொல்லாதே என்று நான் கையால் சைகை காட்டினேன். இரண்டு நாளில் தாய் முடிவு சொல்லப் போகிறாள், லைன் கண்ணாடி மாதிரி வருகிறது, பிள்ளை முடிக்கப் போகிறது, இந்த நேரத்தில் இது தேவையா? மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ளலாம். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக் கூடப் பார்க்கவில்லை. பிறகு ஃபோனுக்குத் திரும்பினாள்.

"மகள்ல பிழையில்ல. எனக்குக் கேக்காத இடமெல்லாம் கேட்ட மாதிரி விட்டிட்டன். திரும்பத் திரும்பக் கேக்க வெக்கமா இருந்திச்சி. என்ட பிழை. நாலு ஜுஸ்உ பின்னுக்குப் போகணும்."

ஹோல் புக் பண்ணியாச்சே ராத்தா என்று கேட்டாள் தாய். தெரியும் என்றாள் இவள். சமாதானமாக இன்னும் ஒரு வார்த்தை சேர்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். சேர்க்கவில்லை. நான்கு பிள்ளைகளும் போனார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் வந்த மரியாதையைப் போல இந்த வயது வரைக்கும் யார் மேலும் வந்ததில்லை. இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, எழுதித்தான் வைக்கிறேன்.

தாய் மகளை எழும்பிப் போகச் சொன்னாள். பிறகு, இங்கே ஒரு வகுப்பில் விசாரித்தேன், இரண்டு கிழமையில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு கிழமையில முடிச்சா என்ன ஓதின மாதிரி? பின்னுக்கே போங்க ராத்தா. ஹோலப் பிறகு பாப்பம்."

என் மனைவி ஓம் என்று மட்டும் சொன்னாள். அழைப்பு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் அவள் போகவில்லை. மகள் போன கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கும் ஓதித் தருவீங்களா? நான் முடிக்கவே இல்ல. வெளிக்கிட்ட நாளோட நிண்டது."

தொண்ணூறில் அவளுக்கு எட்டு வயது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள், ஏட்டை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. முகாமில் தண்ணீர் வரிசை, பிறகு பள்ளிக்கூடம், பிறகு கல்யாணம், பிறகு மெல்பேர்ன். மகளைப் பாடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தினமும் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எந்த இடத்தில் விட்டீர்கள் என்று என் மனைவி கேட்டாள். அவள் யோசிக்கவே இல்லை. ஒன்பதாம் ஜுஸ்உ என்றாள். எந்த சூரா என்று சொன்னாள். பக்கத்தின் நடுவில், மேலேயிருந்து எத்தனையாவது வரி என்றும் சொன்னாள்.

"அப்ப அதிலேருந்து தொடங்குவம்," என்றாள் என் மனைவி.

அந்தப் பக்கம் ஏடு புரட்டுகிற சத்தம் கேட்டது. அவள் மெதுவாக ஓதத் தொடங்கினாள். ஒரு வரி வந்தது. இரண்டாம் வரியின் பாதியில் குரல் அறுந்தது. பழக்கத்தில் நான் திரும்பி ரவுட்டரைப் பார்த்தேன். அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன. என் மனைவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குரல் திரும்பி வரும்வரை காத்திருந்தாள்.